சியாங் மாயில் சாப்பாட்டுக்கடை தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வட தாய்லாந்து நகரமான சியாங் மாய்க்குப் போய் வந்தவர்களிடம் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தா பே வாசல் பக்கம் ஒன்று, நிம்மான்ஹேமின் சாலையில் ஒன்று, இரவுச் சந்தையில் ஒன்று என்று ஒரே நாலைந்து கடைகள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கடைகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வெளியே சாப்பிட்டே பழகிய ஊர். வாடகை அறைகள் பலவற்றில் சமையலறையே கிடையாது. காலைக் கஞ்சியில் தொடங்கி நள்ளிரவுக் கஞ்சி வரை தெருவில் ஏதாவது ஓர் அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பயணக் கையேடு சொன்ன நாலு கடையோடு திரும்பிவிடுவது பெரிய நஷ்டம்.

சரி, எங்கே தவறுகிறது? தேடுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வியிலேயே.

"நல்ல கடை எது?"

அந்த ஊர்க்காரர்கள் இப்படிக் கேட்பதில்லை. "காவ் சோய் நூடுல்ஸ் எங்கே நன்றாக இருக்கும்?", "இந்த நேரத்துக்கு என்ன கிடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். தாய்லாந்துத் தெருக்கடைகளில் பெரும்பகுதி ஒரு பண்டத்தை நம்பி நடப்பவை. கோழிச்சோறு விற்பவர் கோழிச்சோறு மட்டும்தான் விற்பார். பன்றிக்கால் குழம்பு விற்பவரிடம் வேறு எதுவும் கேட்க முடியாது. அதனால் "எல்லாம் கிடைக்கும் நல்ல கடை" ஒன்றைத் தேடும்போதே சுற்றுலாப் பயணிக்காகத் திறந்து வைத்திருக்கும் கடையை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இதில் விதிவிலக்கு ஒன்று உண்டு. 'தாம் சாங்' என்ற வகைக் கடைகள். கேட்டதைச் செய்து கொடுக்கும் ஒற்றை அடுப்புக் கடை இது. துளசி போட்டு வதக்கிய இறைச்சியும் சோறும், மேலே பொரித்த முட்டை, இப்படி எதைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் வரும். பட்டியல் சுவரில் தாய் மொழியில் மட்டும் எழுதியிருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. அவசரத்துக்கு இதைவிட நம்பகமான சாப்பாடு இல்லை.

பண்டத்துக்கு அடுத்தது நேரம். இதைக் கவனிக்காமல் ஏமாறுபவர்கள்தான் அதிகம். காவ் சோய் என்பது வட தாய்லாந்தின் தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸ். மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் ஊறுகாய் போட்ட கடுகுக்கீரை, சின்ன வெங்காயம், எலுமிச்சை. இது மதியச் சாப்பாடு. பேர்போன கடைகள் பலவும் பிற்பகல் மூன்று மணிவாக்கில் கதவைச் சாத்திவிடும், சில நாள் குழம்பு தீர்ந்து அதற்கு முன்பே. இரவு எட்டு மணிக்குக் காவ் சோய் தேடிப் போனால் நமக்காகவே திறந்திருக்கும் கடைதான் மிஞ்சும். அங்கே சாப்பிட்டுவிட்டு "காவ் சோய் பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

காலையில் ஜோக் என்ற அரிசிக்கஞ்சி. முன்பகலில் இருந்து மதியம் வரை காவ் கேங் கடைகள், அதாவது தட்டுத்தட்டாகக் குழம்புகளை வரிசையில் வைத்து, நாம் கைகாட்டுவதைச் சோற்றின் மேல் ஊற்றித் தரும் இடங்கள். இங்கே ஒரு மணிக்குப் போனால் நல்ல குழம்புகள் தீர்ந்திருக்கும். அலுவலகங்கள் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட எழும், நாம் பதினொன்றரைக்குப் போய்விட வேண்டும். சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு மேல் பழைய நகரின் வடக்கு வாசலான சாங் புவாக்கின் எதிரே வண்டிக்கடைகள் வந்து சேரும். அங்கே கௌபாய் தொப்பி போட்ட பெண்மணியின் பன்றிக்கால் சோற்றுக் கடைக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. நிற்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த வரிசையோடு திரும்பிவிடாமல் பக்கத்து வண்டிகளையும் பார்க்க வேண்டும்.

யாரிடம் கேட்பது

விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் "எங்கே சாப்பிடலாம்" என்றால், அவர் உங்களைக் காப்பாற்றப் பார்ப்பார். காரம் குறைவு, ஆங்கிலம் தெரியும், குளிர்சாதனம் உண்டு, நாளைக்கு நீங்கள் வந்து புகார் சொல்ல மாட்டீர்கள். அவர் மேல் தப்பில்லை. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இன்று மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?" துப்புரவு வேலை செய்யும் அம்மாவிடமும் இதையே கேளுங்கள். பதில் பெரும்பாலும் நடக்கும் தூரத்தில் இருக்கும்.

டுக்டுக் ஓட்டுநர் தானாக முன்வந்து ஒரு கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றால், அவருக்கு அங்கே கமிஷன் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் சாப்பிடும் கடை எது என்று கேட்டால் அது வேறு கடையாக இருக்கும்.

நட்சத்திரங்களையும் பலகைகளையும் படிப்பது

கூகுள் மேப்ஸில் "பெஸ்ட் தாய் ரெஸ்டாரண்ட்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஆங்கிலத்தில் பாராட்டு வாங்கிய கடைகள்தான் மேலே வரும். பண்டத்தின் பெயரை மொழிபெயர்ப்புச் செயலியில் தாய் எழுத்துக்கு மாற்றி, அதை வரைபடத்தில் ஒட்டித் தேடிப் பாருங்கள், வேறு ஊரே தெரியும். விமர்சனங்களில் தாய் மொழியில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள். ஆங்கில விமர்சனம் உபசாரத்தைப் பற்றிப் பேசும். தாய் விமர்சனம் குழம்பு முன்பைவிட நீர்த்துவிட்டது என்று திட்டும், நமக்கு வேண்டியது இதுதான். 4.9 வாங்கிய கடையைவிட, நானூறு பேர் தாய் மொழியில் எழுதி 4.2 வாங்கிய கடையை நான் நம்புவேன். வொங்னாய் என்ற தாய்லாந்துச் செயலியும் உண்டு. 2010-இல் தொடங்கியது, பின்னர் லைன் மேன் என்ற உணவு விநியோக நிறுவனத்தோடு இணைந்தது. உள்ளூர்க்காரர்கள் படம் போட்டு எழுதும் இடம் அது. எழுத்து புரியாவிட்டாலும் படங்கள் போதும்.

கடைச்சுவரில் இருக்கும் சின்னங்களை அலட்சியப்படுத்துவது ஒரு தவறு, கண்ணை மூடிக்கொண்டு நம்புவது இன்னொரு தவறு. மிஷலின் டயர் கம்பெனி வெளியிடும் உணவகக் கையேடு பாங்காக்கில் முதலில் வெளியானது 2017 டிசம்பரில். சியாங் மாய் 2020 பதிப்பில் சேர்ந்தது. கடையில் ஒட்டியிருக்கும் சிவப்புச் சின்னத்தில் ஆண்டு போட்டிருக்கும், அதைப் பாருங்கள். வரிசையாக எல்லா ஆண்டும் இருந்தால் ஒரு கதை, 2020 மட்டும் தனியாக இருந்தால் வேறு கதை. மிஷலினுக்கு வெகுமுன்பே தாய்லாந்துக்கென்று ஒரு சின்னம் இருந்தது. 1961-இல் தனத்ஸ்ரீ ஸ்வஸ்தி என்ற அரச குடும்பத்து உணவு எழுத்தாளர் தொடங்கிய 'ஷெல் சுவான் சிம்'. பச்சைக் கிண்ணம் வரைந்த பலகை அது. எண்ணெய்க் கம்பெனிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்காதீர்கள், டயர் கம்பெனிக்கு இருக்கும் அதே சம்பந்தம்தான். அந்தப் பலகை ஒரு கடையில் தொங்கினால் அங்கே ஒரு காலத்தில் நல்ல கை இருந்தது என்று நிச்சயம். அவர் 2019-இல் காலமாகிவிட்டார், பலகைகள் இன்னும் பழையவை. இப்போது அடுப்பில் நிற்பது அதே கையா, மகளா, வேலையாளா என்பதை வாயில் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அகழிக்குள்ளேயே சுற்றுவது

சியாங் மாயின் பழைய நகரம் ஒரு சதுரம், நாலு பக்கமும் அகழி. விடுதிகளும் கோயில்களும் அதற்குள் என்பதால் சாப்பாடும் அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அங்கே நல்ல கடையே இல்லை என்பதில்லை. ஆனால் உள்ளே வாடகை ஏறிவிட்டது, சாப்பிட வருபவர்களில் பாதிப்பேர் நம்மைப் போன்றவர்கள்.

வடக்கே சாங் புவாக் வாசலைத் தாண்டி நடந்தால் சந்திதாம் என்ற பகுதி. மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் குடியிருக்கும் இடம், சந்துக்குச் சந்து கடை. அதை ஒட்டித் தானின் சந்தை இருக்கிறது. காய்கறிகளும் சமைத்த உணவும் சுத்தமாக அடுக்கிவைத்திருக்கும், கூடவே உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடமும் உண்டு. மேற்கே சுதேப் சாலையில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் தோன் பயோம் சந்தை. பெரிய அரசு மருத்துவமனை இருக்கும் சுவான் தோக் பகுதியும் நல்ல வேட்டைக்காடு. செவிலியர்களும் மாணவர்களும் தினமும் சாப்பிடும் இடத்தில் விலையை ஏற்றியோ தரத்தைக் குறைத்தோ ரொம்ப நாள் பிழைக்க முடியாது.

சந்தைகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. உட்கார்ந்து சாப்பிடும் கடையை மட்டுமே "ரெஸ்டாரண்ட்" என்று நினைப்பதால் வட தாய்லாந்துச் சமையலில் பாதியை இழந்துவிடுகிறோம். சாய் உவா என்ற மூலிகை போட்ட காரத் தொத்திறைச்சி, சுட்ட பச்சை மிளகாயை இடித்துச் செய்யும் நாம் ப்ரிக் நும், தக்காளியும் பன்றிக் கொத்துக்கறியும் சேர்ந்த நாம் ப்ரிக் ஓங், பர்மியச் சாயல் உள்ள ஹாங் லே குழம்பு எல்லாம் வீட்டுக்கு வாங்கிப்போகும் பண்டங்கள். வரோரோட் சந்தையில் இவை பொட்டலம் பொட்டலமாக இருக்கும். இரண்டு பொட்டலம், வேகவைத்த காய்கள், ஒரு கட்டு ஒட்டரிசிச் சோறு வாங்கி அறையில் விரித்துச் சாப்பிட்டால் நடன நிகழ்ச்சியோடு வரும் கான் தோக் விருந்தைவிட ஒரு படி மேல். செலவும் பல மடங்கு குறைவு.

முஸ்லிம் வாசகர்களுக்கும், வரலாற்றில் ஆர்வம் உள்ள எல்லோருக்கும்: இரவுச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் பான் ஹோ மசூதி இருக்கிறது. சீனாவின் யுன்னானிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் வழிவந்தவர்கள் வாழும் இடம். காவ் சோயின் கதையே இவர்களோடு பின்னியதுதான். பன்றியில்லாக் காவ் சோய் அங்கே கிடைக்கும். வெள்ளிக்கிழமை காலையில் மசூதிக்கு எதிரே கூடும் சந்தையில் யுன்னான் நூடுல்ஸும் பர்மாவின் ஷான் மக்களுடைய பண்டங்களும் மலைக்காய்களும் வரும். பத்து மணிக்கு எழுந்து போனால் மிச்சம்தான் இருக்கும்.

அழுக்காக இருந்தால் அசல் என்று நம்புவது

கையேட்டை உதறியவர்கள் அடுத்து விழும் குழி இது. ஆங்கிலப் பட்டியல் இருந்தால் போலி, பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் அசல், வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. வணிக வளாகத்தின் உணவுக்கூடத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் குவிவதைப் பார்த்தாலே இது உடையும். நல்ல கடைக்காரர் வியாபாரம் பெருகும்போது பட்டியலை ஆங்கிலத்திலும் அச்சடிக்கத்தான் செய்வார். பார்க்க வேண்டியது வேறு. இறைச்சி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, தட்டு எதில் கழுவப்படுகிறது, குழம்பு சூடாக இருக்கிறதா, ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருக்கிறார்களா. நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. வடக்கின் லாப் என்ற மசாலாக் கொத்துக்கறியைப் பச்சை இறைச்சியிலும் செய்வார்கள். பச்சைப் பன்றி இறைச்சி, ரத்தம் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பாக்டீரியா தொற்றும். மூளைச்சவ்வு அழற்சி வந்து காது நிரந்தரமாகக் கேட்காமல் போனவர்கள் அந்தப் பகுதியில் உண்டு. "உள்ளூர்க்காரர் சாப்பிடுகிறாரே" என்ற வீரம் இங்கே வேண்டாம். வறுத்த லாப் வேண்டும் என்றால் 'லாப் குவா' என்று கேளுங்கள், ருசியில் ஒன்றும் குறையாது.

சைவர்களுக்கு

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுதோடு தட்டு வரும். அவர்கள் ஏமாற்றவில்லை, அது அங்கே உப்பு மாதிரி. பப்பாளி சாலட்டில்கூட மீன் சாஸும் காய்ந்த இறாலும் இருக்கும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தாக 'ஜே' என்று எழுதிய பலகையைத் தேடுங்கள். அந்தத் தாய் எழுத்து பார்ப்பதற்குப் பதினேழு என்ற எண் போலவே இருக்கும். ஜே உணவில் பால், முட்டையோடு வெங்காயம், பூண்டும் கிடையாது. இந்தக் கடைகளும் பெரும்பாலும் காலையில் திறந்து மதியத்தோடு மூடுபவை. அக்டோபர் வாக்கில் வரும் சைவத் திருவிழாவின்போது ஊர் முழுக்க மஞ்சள் கொடி பறக்கும், அந்த ஒன்பது நாள் தேடவே வேண்டாம்.

ஏப்ரல் நடுவில் தாய்லாந்துப் புத்தாண்டான சோங்கிரானுக்குப் போகிறவர்கள் எதிர்த்திசையில் தயாராக வேண்டும். குடும்பம் நடத்தும் கடைகள் பல நாள் மூடிக் கிடக்கும். அந்த வாரம் தூரத்துக் கடையைத் தேடிப் போகும் முன் அதன் முகநூல் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். கூகுள் காட்டும் திறப்பு நேரத்தைவிட அங்கே போடும் விடுமுறை அறிவிப்பு சரியாக இருக்கும். அப்புறம், கையில் இருபது, ஐம்பது, நூறு பாட் நோட்டுகள் இருக்கட்டும். அறுபது பாட் காவ் சோய்க்கு ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் சில்லறைக்காகக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.