புது ஆம்ப் வாங்கும் முன் ஸ்பீக்கர் துணியைக் கழற்றிப் பாருங்கள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் போனில் அழைத்தான். அவன் அப்பா 1994-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ செட்: ஒரு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு கேசட் டெக். "அண்ணா, முன்ன மாதிரி பேஸே வரல. ஆம்ப் வயசாயிடுச்சு போல. எது வாங்கலாம்?" என்று கேட்டான். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் ஒருவரிடம் இதையேதான் கேட்டேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். வயரை மாற்றிச் செருகுவது போன்ற சின்ன விஷயங்கள் ஒரே நாளில் தானாகவே பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். பணத்தைத் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பீக்கரைப் பார்க்காமல் ஆம்ப் வாங்குவது

அந்தத் தம்பியிடம் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். எதிர்பார்த்ததுதான் வந்தது: வூஃபரை (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரை) சுற்றியிருந்த வளையம் பாதி உதிர்ந்து, கீழே கறுப்புத் தூளாகக் கிடந்தது.

கோனின் (ஆடி ஒலி எழுப்பும் கூம்பின்) விளிம்பையும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் இணைப்பது அந்த மெல்லிய வளையம். 1970-களிலிருந்து 90-கள் வரை வந்த ஏராளமான ஸ்பீக்கர்களில் அது பாலியூரித்தேன் ஃபோம். காற்றின் ஈரம் அந்த ஃபோமை மெல்ல மெல்லச் சிதைக்கும், வெயில் காலச் சூடு அதை வேகப்படுத்தும். பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் பதினைந்து, இருபது வருடத்தில் தொட்டால் உதிரும். சென்னை மாதிரி கடலோர ஊர் என்றால் இன்னும் சீக்கிரம். வளையம் போனதும் கோன் நடுவில் நிற்காது, பெட்டிக்குள் இருக்க வேண்டிய காற்று ஓட்டை வழியாகத் தப்பிவிடும், பேஸ் செத்துவிடும். ட்வீட்டருக்கு (கீச்சென்ற உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கருக்கு) ஒன்றும் ஆகாது, பாடகரின் குரலும் ஓரளவு தெளிவாகவே கேட்கும். அதனால்தான் எல்லோருக்கும் ஆம்ப் மீது சந்தேகம் வருகிறது.

2004-இல் எனக்கும் அதே சந்தேகம். இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு, 40 வாட் ஆம்பை ஓரம்கட்டி 100 வாட் ஆம்ப் வாங்கினேன். வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அன்றைக்கு இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை. பேஸ் வரவில்லையே என்று பேஸ் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துக் கேட்டேன். மூன்றாவது வாரம் ஒரு வூஃபர் கரகரத்து அடங்கிவிட்டது. பிடிமானம் இல்லாமல் ஆடிய கோன், தன் பின்னால் ஒட்டியிருக்கும் வாய்ஸ் காயிலை (கம்பிச் சுருளை) உரச வைத்துக் கருக்கிவிட்டது. இரண்டு பெட்டிகளையும் பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டேன். நல்ல மரப்பெட்டி, பழுதில்லாத ட்வீட்டர்கள், உள்ளே உயிரோடு இருந்த இன்னொரு வூஃபர், எல்லாமே போயிற்று. ஃபோம் வளையம் தனியாகக் கிடைக்கும், ஒட்டலாம், ஆம்ப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

பார்ப்பது ரொம்பச் சுலபம். துணியைக் கழற்றுங்கள். வளையத்தை விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். அப்புறம் கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உரசல் சத்தம் இல்லாமல் போய்வந்தால் காயில் தப்பித்திருக்கிறது, வளையம் மாற்றினால் போதும். வாங்கும்போது "எட்டு இன்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். கோனின் விட்டம், சட்டத்தின் விட்டம் இரண்டையும் அளந்து கொண்டுபோங்கள். மேடை ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால், "வளையம் மட்டும்தான், கோனை மாற்றாதீர்கள்" என்று அழுத்திச் சொல்லுங்கள். கெட்டியான வேறு கோனை ஒட்டிவிட்டால் அது உங்கள் பழைய ஸ்பீக்கராக இருக்காது. வளையம் ரப்பர் என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஒரு பக்கம் கேட்கவில்லை என்றதும் ஆம்பைத் தள்ளிவிடுவது

ஆம்பை அணைத்துவிட்டு, இடது வலது ஸ்பீக்கர் வயர்களை ஆம்பின் பின்னால் மாற்றிப் போடுங்கள். அதே பெட்டி ஊமையாக இருந்தால் கோளாறு பெட்டியில் அல்லது அதன் வயரில். ஊமை மறு பெட்டிக்குத் தாவினால் ஆம்பில், அல்லது அதற்கு முன்னால் இருக்கும் பிளேயரில்.

வால்யூமைக் கூட்டினால் சட்டென்று உயிர் வருகிறதா? ஆம்பின் உள்ளே ஸ்பீக்கரை இணைக்கும் ரிலேயின் (தானாக இயங்கும் ஸ்விட்ச்சின்) முனைகள் கறுத்திருக்கலாம். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் (முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) போதும். வால்யூம் பூஜ்யத்திலும் 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் பவர் பகுதியின் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தேங்கியிருக்கும். ஒரு நல்ல மெக்கானிக் மாற்றிக் கொடுத்தால் ஆம்ப் இன்னும் பல வருடம் ஓடும்.

ஜப்பான் உள்ளூர் மாடலை அப்படியே செருகுவது

ஜப்பானுக்குள் விற்கச் செய்த ஆம்ப் 100 வோல்ட்டில் ஓடுவது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகும்.

ஸ்பீக்கர் வயரில் காசு கொட்டுவது

2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். அவ்வளவுதான்.

போனோ இருக்கிறதா என்று கேட்காதது

போனோ என்பது ரெக்கார்டு பிளேயருக்கென்றே ஆம்பில் இருக்கும் இன்புட். ரெக்கார்டு பிளேயர் இருந்தால் இது முக்கியம். அதன் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும். இன்றைய ஆம்ப்கள் பலவற்றில் போனோ இன்புட் இல்லை. வெறும் ஆக்ஸில் (சாதாரண இன்புட்டில்) செருகினால் பேஸ் இல்லாமல், கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். ஊசியின் சின்ன ஒலியைப் பெருக்கித் தரும் தனி போனோ ப்ரீஆம்ப் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஷோகேஸ் மூலையில் வைத்துவிட்டுப் பெட்டியைக் குறை சொல்வது

டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், மூலையில் ஸ்பீக்கர் என்றால் எந்த விலைப் பெட்டியும் பொதபொதவென்றுதான் கேட்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். ஜன்னலுக்குக் கனமான திரை, தரையில் ஒரு ஜமுக்காளம். இதைச் செய்து ஒரு வாரம் கேளுங்கள், அப்புறம் பட்ஜெட் பேசலாம்.

அந்தத் தம்பியின் வூஃபர்களுக்கு நாங்களே வளையம் ஒட்டினோம். பசை காய ஒரு நாள் விட்டோம். அவன் அப்பாவின் ஆம்ப் அப்படியே இருக்கிறது. இப்போது கேசட் டெக்கின் பெல்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறான். பழையது உருகித் தார் மாதிரி புல்லியில் (பெல்ட் சுற்றும் சக்கரத்தில்) ஒட்டிக் கிடக்கிறதாம். முதலில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துளி விடாமல் துடைக்கச் சொல்லியிருக்கிறேன், அளவு எடுப்பது அதற்கு அப்புறம்.