வைகைக் கடைமடையிலிருந்து கணக்குக் கேட்பது எப்படி

வைகை வருசநாட்டு மலையில் பிறந்து, பார்த்திபனூர் மதகு தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரையில் கடலைப் பார்க்கும். அந்த மிச்சம்தான் பிரச்சினையே. மேலே நகரங்கள் பெருக்கப் பெருக்க ஒவ்வொரு குழாயாக மலையடிவாரத்துக்கே போகிறது. "மதுரைக்குத் தராதே" என்று கொடி பிடித்தால் தோற்றுவிடுவோம், குடிநீருக்குத்தான் எப்போதும் முதலிடம். தவிர, நம் ராமநாதபுரத்துக் குழாயில் வருவதே திருச்சிப் பக்கத்துக் காவிரிதானே. அதனால் கணக்குக் கேளுங்கள்.

முதலில் லிட்டரைக் கனஅடியாக மாற்றப் பழகுங்கள். குடிநீர்த் திட்டத்தை லிட்டரில் சொல்வார்கள், அணையைக் கனஅடியில் சொல்வார்கள், இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. விநாடிக்கு 1 கனஅடி நாள் முழுக்க ஓடினால் சுமார் 24.5 லட்சம் லிட்டர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகைப் பக்கம் இறங்கும் லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு நாளுக்கு 12.5 கோடி லிட்டர் என்று போட்ட திட்டத்தை இதில் வகுத்தால் விநாடிக்கு 51 கனஅடி. பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். வருஷம் முழுக்க எடுத்தால் ஒன்றரை டிஎம்சிக்கு மேல் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி), 71 அடி நிரம்பிய வைகை அணையே கிட்டத்தட்ட 6 டிஎம்சிதான்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்ட மனு. நீர்வளத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் போதும். "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்குப் பதில் தர அவர்களுக்குக் கடமை இல்லை. நகல் கேளுங்கள்: தண்ணீர் திறந்த அரசாணை, பார்த்திபனூர் மதகில் தினம் பதிவான அளவு, குடிநீருக்கு எடுத்த அளவு. பூர்வீகப் பாசனத்தில், அதாவது அணைக்கு முன்பிருந்தே உள்ள பாசனத்தில், ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2. அந்த 7 வந்து சேர்ந்ததா என்பது நகலில் தெரிந்துவிடும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு.

மலையில் புதிதாகக் குழாயோ தடுப்பணையோ வரப்போகிறது என்று காதில் விழுந்தால் உடனே பாருங்கள், வேலை தொடங்கியபின் கத்துவதில் பலன் குறைவு. வைகை பிறக்கும் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனநிலத்தை வேறு வேலைக்கு எடுக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும், அதற்கான விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும்.

கையில் காகிதம் வந்ததும் கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு வாய்ப்பு. தீர்மானத்தில் கோபம் வேண்டாம், கோரிக்கை இருக்கட்டும்: நகரத்தில் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர், கிராமத்தில் 55 லிட்டர் என்றுதான் அரசே திட்டம் போடுகிறது, எனவே புதிதாக எடுக்கும் முன் குழாய்க் கசிவை அடைக்கட்டும், கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தட்டும். கடற்கரை ஊர்க்காரர்களையும் கையெழுத்துப் போட வையுங்கள். முகத்துவாரத்தில் நன்னீர் சேராவிட்டால் இறால் குஞ்சுக்கும் கேடு, கிணறும் உப்பாகும். இதை விவசாயச் சங்கம் மட்டும் சொன்னால் எடுபடாது.

தீர்மான நகலை மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, மனு எண்ணைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.