பயறு வண்டைத் தாங்கும் ரகம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோதனைப் புட்டியின் சீட்டு மாறுவது, மூடி பொருந்தாமல் வண்டு தப்புவது போன்றவற்றை ஒருமுறை பட்டதும் எவரும் திருத்திக்கொள்வர். பட்ட பின்னும் பிழையென்றே தெரியாதவை வேறு.

முட்டையை எண்ணி முடிவு கட்டுவது

பல ரகங்களை ஒரே தட்டில் பரப்பினால் வண்டு முட்டையிட வழவழப்பான விதையை நாடிச் சொரசொரப்பானதை ஒதுக்கக்கூடும். கிடங்கில் அதற்குத் தெரிவு கிடையாது. ஒவ்வொரு ரகத்தையும் தனிப் புட்டியில் வைத்தும் சோதிக்க வேண்டும்.

கணக்கை அவசரமாக மூடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 30 பாகை செல்சியஸில் தட்டைப்பயறு வண்டு எளிதில் தாக்கப்படும் விதையிலிருந்து மூன்று, நான்கு வாரங்களில் வெளிவருகிறது. அந்தக் கெடு முடிந்ததும், விதையில் வண்டு வெளிவந்த துளையில்லாத புட்டிகளுக்கு எதிரே 'எதிர்ப்புத்திறன் உண்டு' என்று எழுதிவிடுகிறார்கள். புழுவைக் கொல்லாமல் அதன் வளர்ச்சியை இழுத்தடிக்கும் விதையும் அன்று அப்படித்தான் தெரியும். ஓர் இளம் ஆய்வாளர் இவ்வாறு தேர்ந்த விதையைக் கலப்புத் திடலில் விதைத்துவிட்டார். அலமாரியில் மறந்துபோன புட்டியின் மூடித்துணிக்கடியில் பிறகு வண்டுகள் ஊர்ந்தன. விதையைத் திருப்பிப் பார்த்திருந்தால், உள்ளிருக்கும் புழு உறையை மட்டும் மிச்சம் வைத்து அரித்த வட்டமான மங்கல் சாளரம் கண்ணில் பட்டிருக்கும். தாமதமும் பயனுள்ள குணமே, ஏனெனில் கிடங்கில் தலைமுறைகள் குறையும். ஆனால் அதைக் கொல்லும் திறன் என்று பதிந்தால் பின்வரும் தேர்வு முழுவதும் தடம் மாறும். எனவே வெளிவரும் வண்டுகளை நாள்தோறும் எண்ணி அகற்றி, வரத்து அறவே நின்ற பின் எஞ்சிய விதைகளைப் பிளந்து பார்த்தே முடிவெழுத வேண்டும்.

வயல் விதையை அப்படியே சோதிப்பது

கூடாது. வயலிலேயே வண்டு புகுந்திருக்கலாம்; அதைக் கொல்ல முதலில் உறைகுளிரில் வைத்து எடுங்கள்.

ஒரே வண்டினத்தை நம்புவது

மெக்சிகோவின் காட்டு பீன்ஸில் கண்டறியப்பட்ட ஆர்செலின் புரதம், பீன்ஸ் விதையைத் தாக்கும் சாப்ரோட்டஸ் வண்டை நன்கு தடுக்கிறது. அதே விதையைத் தாக்கும் அகாந்தோசெலிடஸ் என்ற மற்றொரு வண்டிடம் அதே வலிமையைக் காட்டுவதில்லை.

விதையுறையையும் பருப்பையும் ஒன்றாகக் கருதுவது

உறை தாய்ச்செடியின் திசு. பருப்போ அடுத்த தலைமுறை. இரு ரகங்களைக் கலந்து பெற்ற முதல் தலைமுறைச் செடியில் விளையும் விதைகளின் உறை ஒரே மரபுடையது. உள்ளே ஒவ்வொன்றும் வேறு. ஆகவே ஆர்செலினைத் தேடுவோர் முளைக்கருவைத் தொடாமல் பருப்பில் சிறு சீவல் எடுத்துப் புரதத்தைச் சோதித்து, மீதியை விதைக்கலாம்.