பேஸ்மென்றில் ஆள் இருந்தால் காப்புறுதிக்குச் சொல்லுங்கள்: ரொறொன்ரோ பக்கம் புதிதாக வருபவர்களுக்கு

கனடாவில் வந்து இறங்கும் எங்கள் ஆட்களில் நிறையப் பேர் முதலில் தங்குவது ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிரம்ரனிலோ மிசிசாகாவிலோ யாரோ ஒரு தமிழரின் பேஸ்மென்றில், அதாவது நிலத்துக்குக் கீழே இருக்கும் தளத்தில்தான். பிறகு சொந்தமாக வீடு வாங்கினால், மோட்கேஜ் என்கிற வீட்டுக் கடனைக் கட்டுவதற்காக அவர்களும் கீழ்த் தளத்தை இன்னொரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுப்பார்கள். அதனால் இங்கே பெருமழை பெய்தால் முதலில் நனைவது பெரும்பாலும் புதிதாக வந்தவரின் கட்டிலும் பெட்டியும்தான். வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, வேலை செய்யத் தேவையான சின் நம்பர் எப்படி எடுப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வந்தால் காப்புறுதி கைகொடுக்குமா என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை.

ஊரில் அத்திவாரத்தை உயர்த்தி, நாலு படி வைத்துத்தான் வீடு கட்டுவோம். மாரியில் முற்றம் குளமாக நின்றாலும் விறாந்தைக்குத் தண்ணீர் ஏறாது என்ற நம்பிக்கையில் படுப்போம். 2008 நவம்பரில் நிஷா புயல் அடித்தபோது அந்த நம்பிக்கையும் பல இடங்களில் பொய்த்தது. ஆனால் அங்கே தண்ணீர் வருவது கண்ணுக்குத் தெரியும். ஒழுங்கையில் ஏறும், படலைக்கு வரும், சாமானைத் தூக்கி மேலே வைக்கச் சற்று நேரம் கிடைக்கும். இங்கே வாசல் காய்ந்து கிடக்கும்போதே பேஸ்மென்றின் தரையில் இருக்கிற வடிகால் துவாரத்தால் தண்ணீர் மேலே வரும். குறுகிய நேரத்தில் கொட்டும் மழையில் வீதிக்கு அடியிலுள்ள கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பிவிட்டால், அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக் குழாய் வழியே திரும்பி வந்து, வீட்டில் ஆகத் தாழ்வாக இருக்கும் வாயைத் தேடும். கீழே உள்ள ரொய்லற், குளியல் தொட்டி, தரை வடிகால் எல்லாமே அந்த வாய்கள்தான். "எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஆறே இல்லையே" என்று சொல்லி நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். இந்தத் தண்ணீருக்கு ஆறு தேவையில்லை.

இது எப்போதாவது நடக்கிற விஷயமும் இல்லை. 2005 ஆகஸ்ட் 19 மழையில் ரொறொன்ரோவில் பிஞ்ச் வீதியின் மேற்குப் பகுதியில் ஒரு துண்டு அப்படியே அடித்துப் போனது. 2013 ஜூலை 8 மாலை பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. டொன் பள்ளத்தாக்கில் கோ ரயில் ஒன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளோடு தண்ணீருக்குள் நின்றது. 2024 ஜூலை 16 அன்று அதே விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர். அந்த ஒரு நாளுக்குக் காப்புறுதி நிறுவனங்களின் கணக்கில் விழுந்த சேதம் மட்டும் 94 கோடி டொலருக்கு மேல். காப்புறுதி நிறுவனம் கைவிட்டவர்களின் நட்டம் அந்தக் கணக்கில் இல்லை. என் அக்காவின் வீடு அப்படித்தான் கணக்கில் வராமல் போனது.

அக்காவும் அத்தானும் மிசிசாகாவில் இருக்கிறார்கள். வீடு வாங்கும்போது கீழே யாரும் இல்லை. பிறகு வட்டி ஏறியது, கீழே ஒரு குசினி போட்டு, ஊரிலிருந்து வந்த ஒரு இளம் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். அக்கா இதைத் தங்கள் காப்புறுதிப் புரோக்கரிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். எங்கள் ஆள், எங்கள் மொழி, கலியாண வீடுகளில் காண்கிற முகம். அவர் சொன்ன பதில்: "அதெல்லாம் சொல்லத் தேவையில்லை அக்கா, சொன்னால் பிரீமியம் கூடும். எல்லாரும் இப்படித்தான் வைத்திருக்கினம்."

2024 ஜூலை 16, அந்தச் செவ்வாய்க்கிழமை, கீழே முழங்கால் வரை வந்த தண்ணீர் மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, கழிவும் கலந்தது. பெரிய டீப் பிரீசர் சரிந்து, மீனும் ஆட்டிறைச்சியும் ஒடியல் மாவும் அதற்குள் மிதந்தன. கீழே இருந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தத் தாயின் கூறைப் புடவையும் போனது. மூன்றாம் நாள் காப்புறுதி நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்ரர் வந்து நல்ல மரியாதையாகக் கதைத்தார். போகும்போது, "இந்த இரண்டாவது குசினி யாருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னார்.

பிறகு கடிதம் வந்தது. வீட்டின் பயன்பாடு மாறியதை அறிவிக்காததால் கிளெய்ம், அதாவது நட்டஈட்டுக் கோரிக்கை, மறுக்கப்படுகிறது, பொலிசியும் ரத்து. புரோக்கரைக் கேட்டால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார். தொலைபேசியில் சொன்ன சொல்லுக்கு ஏது சாட்சி? ரத்தானதோடு கதை முடியவுமில்லை. காப்புறுதி இல்லாத வீட்டுக்கு வங்கி மோட்கேஜ் வைத்திருக்க விடாது. ஒருமுறை ரத்தான வீட்டை வழக்கமான நிறுவனங்கள் எடுக்கத் தயங்கும். கடைசியில் கிடைத்த ஒன்று பழைய பிரீமியத்தின் கிட்டத்தட்ட இரு மடங்கு. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் வருடத்துக்கு எவ்வளவு கூடியிருக்கும் என்று பிறகு விசாரித்தோம். சில நூறு டொலர். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. "எல்லாரும் இப்படித்தான்" என்று சொல்லி எங்கள் ஆட்களையே கிணற்றில் தள்ளுகிறவர்கள், நட்டம் வரும்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தில் இது சட்டத்திலேயே உள்ள நிபந்தனை. ஆபத்தைக் கூட்டும் முக்கியமான மாற்றம் உங்கள் கட்டுப்பாட்டிலும் அறிவிலும் நடந்தால் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாடகைக்கு விடுவது, கீழே குசினி போடுவது, வீட்டைப் பல வாரம் பூட்டிவிட்டு ஊருக்குப் போவது, வீட்டில் பிள்ளை பராமரிப்பு நடத்துவது எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கதைத்தாலும் முடிந்த கையோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று கதைத்தபடி, பேஸ்மென்றில் இத்தனை பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், இது என் பொலிசியில் சேர்க்கப்பட்டதை உறுதிசெய்யவும்." பதில் வரும்வரை விடாதீர்கள். எழுத்தில் பதில் தர முடியாது என்றால் அந்தப் புரோக்கர் உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு சொந்தமாக இருந்தாலும் சரி. நகரசபையில் இரண்டாவது குடியிருப்பாகப் பதிய வேண்டிய ஊர்களில் அதையும் செய்துவிடுங்கள்.

அடுத்தது, பொலிசியில் தண்ணீர் என்று ஒரே ஒரு பாதுகாப்பு இருப்பதாக நினைக்காதீர்கள். சாதாரண வீட்டுப் பொலிசி குழாய் வெடித்து வரும் தண்ணீருக்குத்தான். கழிவுநீர் திரும்பி வருவதற்குச் சூவர் பக்கப் என்று தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். ஆறோ வீதி வெள்ளமோ நிலத்துக்கு மேலால் வந்து நுழைவதற்கு ஓவர்லான்ட் வோட்டர் என்று இன்னொன்று. 2015க்கு முன் கனடாவில் வீட்டுக்காரருக்கு அது விற்கப்படவே இல்லை, அதனால் பழைய ஆட்களுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. அத்திவார வெடிப்பால் நிலத்தடி நீர் மெல்லக் கசிவதைப் பல பொலிசிகள் எடுப்பதில்லை. சேர்த்தாயிற்று என்பதோடு நிற்காமல் உச்ச வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். மலிவான பொலிசிகளில் சூவர் பக்கப்புக்குப் பத்தாயிரம் டொலர் மட்டும் எழுதியிருப்பார்கள். சுவரை அறுத்து, உலர்த்தி, கிருமி நீக்கிப் போகிற சுத்திகரிப்பு நிறுவனத்தின் பில்லிலேயே அது முடிந்துவிடும். தரை, கதவு, வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் எல்லாம் உங்கள் கையால். நட்டத்தில் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகையான டிடக்ரிபிளும் இதற்குத் தனியாக, கூடவாக இருக்கலாம்.

இப்போது பேஸ்மென்றில் இருப்பவர்களுக்கு. வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் சாமானுக்கு ஒரு சதமும் தராது. அக்கா வீட்டில் கீழே இருந்த குடும்பத்துக்கும் அப்படித்தான். வாடகைக்கு இருப்பவருக்கான ரெனன்ற் இன்சூரன்ஸ் எடுங்கள், அதிலும் சூவர் பக்கப் இருக்கிறதா என்று கேளுங்கள். மாதத்துக்குப் பெரிய காசு இல்லை. பாஸ்போட், லாண்டிங் பேப்பர், பிறப்புச் சான்றிதழ், பழைய படங்கள், நகை, கூறைப் புடவை ஒன்றையும் தரையில் வைக்க வேண்டாம். சண்டையில் எல்லாம் எரிந்து, மிஞ்சிய நாலு படத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவை மேல் தட்டில், மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் இருக்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரைப் பீலித் தண்ணீர் அத்திவாரத்திலிருந்து ஆறு, ஏழு அடியாவது தள்ளி விழ வேண்டும். ரொறொன்ரோவில் பீலிக் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்து வைப்பதே சட்டப்படி கூடாது. மண் வீட்டுப் பக்கம் சரியாமல் வெளியே சரிய வேண்டும். பொரித்த எண்ணெயையும் ஆட்டிறைச்சிக் கறியின் கொழுப்பையும் சிங்கில் ஊற்றாதீர்கள், குழாயில் அது கட்டியாகி நிற்கும். பழைய வீடு வாங்குவதென்றால் பிளம்பரைக் கொண்டு கமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். பழைய களிமண் குழாய்க்குள் மரவேர் நிறைந்திருக்கும்.

பாக்வோட்டர் வால்வ் என்று ஒன்று இருக்கிறது, வீட்டுக் குழாயில் பொருத்துவது. கழிவுநீர் திரும்பினால் தானாகவே மூடிக்கொள்ளும். அதைப் போடப் பெர்மிற் வேண்டும், உரிமமுள்ள பிளம்பர் வேண்டும். ரொறொன்ரோ நகரம் இதற்கும், அத்திவாரத்தடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்புக்கும் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. வேறு சில நகரங்களிலும் இப்படித் திட்டங்கள் உண்டு, வேலை தொடங்க முன் நிபந்தனையை வாசியுங்கள். வால்வ் போட்டதைச் சொன்னால் சில காப்புறுதி நிறுவனங்கள் பிரீமியத்தையும் குறைக்கும். போட்டபின் பலர் மறக்கிற விஷயம்: வால்வ் மூடியிருக்கும் நேரத்தில் மேலே யாரும் குளிக்கக் கூடாது, துணி தோய்க்கக் கூடாது, ரொய்லற் இழுக்கக் கூடாது. வெளியே போக வழி இல்லாததால் உங்கள் தண்ணீரே உங்கள் பேஸ்மென்றை நிரப்பும். வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யவும் வேண்டும். சம்ப் பம்புக்கு பற்றறி இல்லாவிட்டால் பிரயோசனம் குறைவு, ஏனென்றால் பெருமழையோடுதான் கரண்டும் போகும். 2022 மே 21 அன்று ஒன்ராறியோவைக் குறுக்கே அறுத்துப்போன புயல்காற்றில் எத்தனையோ வீடுகள் நாட்கணக்காக இருட்டில் கிடந்தன. காற்றில் கூரை போவதும் மரம் வீட்டின் மேல் விழுவதும் வழக்கமான பொலிசியிலேயே இருக்கும், அதற்குத் தனியாகக் கட்டத் தேவையில்லை.

தண்ணீர் வந்துவிட்டதா? பிளக்குகளோ மின்பெட்டியோ நனைந்திருந்தால் கீழே இறங்கவே இறங்காதீர்கள், ஹைட்ரோ என்கிற மின்சார நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம், அது கழிவுநீர். எதையும் எறிய முன் படமும் வீடியோவும் எடுங்கள். எறிந்ததின் பட்டியல், வாங்கிய பில் எல்லாம் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும், ரொறொன்ரோ என்றால் நகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கும், அன்றைக்கே சொல்லுங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், ஆகையால் அட்ஜஸ்ரர் வரும்வரை ஈரத்தை அப்படியே விட்டு வைக்காதீர்கள். அன்று மாலையே கதவைத் தட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்கிற சுத்திகரிப்பு ஆட்களிடம் கவனம். நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மாகாண அரசு தரும் என்று இருந்துவிடவும் வேண்டாம். ஒன்ராறியோவின் இடர் உதவித் திட்டம் அமைச்சர் குறித்த பகுதிக்கு அறிவித்தால்தான் திறக்கும், அதுவும் அத்தியாவசியத்துக்கு மட்டும்.

கிளெய்ம் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்குள் இருக்கும் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கிருந்து இறுதி நிலைப்பாட்டுக் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு, பொதுக் காப்புறுதிக் குறைகேள் சேவைக்குப் போகலாம், கட்டணம் இல்லை. புரோக்கர் மீது முறைப்பாடு என்றால் ஒன்ராறியோவில் ரிபோ என்கிற அமைப்பு அவர்களின் உரிமத்தைப் பார்த்துக்கொள்கிறது. அக்காவின் முறைப்பாடு இப்போது அங்கேதான் இருக்கிறது. கையில் மின்னஞ்சல் ஒன்று இருந்திருந்தால் அது எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வெள்ளத்தில் கார் மூழ்கினால் மோதல் அல்லாத சேதங்களுக்கான கொம்பிரிகென்சிவ் என்கிற பகுதி பொலிசியில் இருந்தால்தான் காசு வரும். ஒன்ராறியோவில் அது கட்டாயம் இல்லை, பிரீமியத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டால் சிலர் அதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். புதுப்பிக்கும் கடிதம் வரும்போது அந்த வரியையும் பாருங்கள்.