எரிநட்சத்திரம்: புரிதலிலும் பார்ப்பதிலும் நேரும் தவறுகள்

ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சம் தொடும். கூடவே ‘நட்சத்திரங்கள் உதிரப் போகின்றன’ என்ற செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றும். எந்த நட்சத்திரமும் உதிர்வதில்லை. நாம் பார்க்கும் கீற்று, பெரும்பாலும் மணல் பருக்கையிலிருந்து பட்டாணி வரையிலான ஒரு துகள். வால்நட்சத்திரங்கள் தம் பாதையில் சிந்திவிட்டுப் போகும் தூசிதான் பல பொழிவுகளுக்குக் காரணம். ஜெமினிட்டுக்கோ, 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள் சிந்திய தூசி காரணம். அந்தத் தூசித் தடத்தைப் பூமி ஒவ்வோர் ஆண்டும் அதே நாட்களில் கடப்பதால்தான் தேதியை முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

துகள் தீப்பிடித்து எரிகிறது என்பதும் சரியல்ல. விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதி அது ஆவியாகிறது. ஆவியான அணுக்களும் காற்றும் ஒளிர்கின்றன. சோடியம் மஞ்சளாகவும் மக்னீசியம் நீலப்பச்சையாகவும் தெரியும். இதெல்லாம் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் நடந்து முடிந்துவிடும். ‘பக்கத்துத் தோப்பில்தான் விழுந்தது’ என்று தேடிப் போவது வீண்.

அரிதாகப் பெரிய கல் வந்து தரையைத் தொட்டாலும், அதற்குள் வேகம் குறைந்து, ஒளியிழந்துதான் விழும். தீ மூட்டாது. 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் ஏற்பட்ட வெடிப்பில் ஒருவர் இறந்தபோது விண்கல்தான் காரணம் என்று அவசரமாக அறிவிக்கப்பட்டது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தெரிகிறது என்றார்கள். ஓர் உயிர் போன இடத்தில் ஆய்வுக்கு முன்பே வானத்தின் மேல் பழி போடுவது பெரிய தவறு.

உண்மையான ஆபத்து எப்படி வரும் என்பதற்கு ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரமே சாட்சி. 2013 பிப்ரவரி 15 காலையில் சுமார் 20 மீட்டர் அளவுள்ள பாறை வானில் வெடித்தது. கண்கூசும் வெளிச்சத்தைக் கண்டு பலர் ஜன்னலருகே ஓடினார்கள். ஒளிக்குப் பின்னால், இரண்டு நிமிடங்களுக்கு மேல் கழித்து, அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. காயமடைந்தவர்கள் சுமார் 1,500 பேர். பகலையே மங்கவைக்கும் வெளிச்சம் வானில் தெரிந்தால், ஜன்னலை விட்டு விலகுங்கள்.

சாதாரண எரிநட்சத்திரத்துக்கு அந்தப் பயமே வேண்டாம். ‘பார்த்தால் ஆகாது’ என்று குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்கிறார்களே, அதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுக்க வையுங்கள். தொலைநோக்கி தேவையில்லை, அதில் வானத்தின் சிறு துண்டுதான் தெரியும். ஜெமினிட் கீற்றுகள் புறப்படுவதுபோல் தோன்றும் மிதுன விண்மீன் கூட்டத்தையே உற்றுப் பார்க்கவும் வேண்டாம், நீளமான கீற்றுகள் அதற்குத் தள்ளித்தான் தோன்றும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் கைபேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெமினிட் உச்சத்துக்குச் சொல்லப்படும் ‘மணிக்கு 120 எரிநட்சத்திரங்கள்’ என்ற எண்ணிக்கை, முழு இருட்டில், மிதுனம் நடுவானில் இருக்கும்போது பொருந்துவது. நம் ஊரில் அது அதிகாலை இரண்டு மணி வாக்கில் உச்சிக்கு வரும். சென்னையின் விளக்கொளியில் சிலவற்றைத்தான் எதிர்பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை மேகம் குறுக்கிடும் என்பதால், உச்ச நாளுக்கு முந்தைய இரவையும் தவறவிடாதீர்கள். உச்சம் கடந்தபின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவிடும்.