டபுள் ஸ்லிப்பைக் கையால் கட்டும் முறை

மாதிரி ரயில் பாதையில் சாதாரண பாயின்ட்டுகளை (ஒரு பாதையை இரண்டாகப் பிரிக்கும் அமைப்புகளை) கையால் கட்டிப் பழகியவர்கள்கூடத் தொடத் தயங்குவது டபுள் ஸ்லிப்பைத்தான். ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லும் இரண்டு பாதைகளுக்குள்ளேயே நான்கு இணை நாக்குத் தண்டவாளங்களை (நகர்ந்து வண்டியைத் திருப்பும், நுனி மெலிந்த துண்டுகளை) அடக்கி, எந்தப் பாதையில் வந்த வண்டியையும் எதிர்ப்புறத்தின் இரு பாதைகளில் எதற்கும் அனுப்பும் அமைப்பு அது. இங்கே 16.5 மி.மீ. கேஜில் (இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கிடையேயான தூரம்), 7க்கு 1 சாய்வுள்ள (ஏழு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விலகும்) ஒரு டபுள் ஸ்லிப்பை எடுத்துக்கொள்வோம்.

வேலையைத் தொடங்குமுன் மூன்று அளவுகளைத் தாளில் எழுதிக் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பது நல்லது. கேஜ் 16.5 மி.மீ.; சக்கரத்தின் விளிம்பு கடந்து செல்வதற்கான இடைவெளி 1.25 மி.மீ.; ஆகவே செக் ரயிலின் (சக்கரத்தை உட்புறமிருந்து பிடித்து வழிநடத்தும் துணைத் தண்டவாளம்) உரசும் முகத்திலிருந்து எதிரேயுள்ள கிராசிங் மூக்கு (தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தின் கூர்முனை) வரையிலான தூரம், அதாவது செக் கேஜ், 15.25 மி.மீ. புதியவர்கள் பெரும்பாலும் முதல் அளவையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். வண்டியைத் தடம் புரளவிடாமல் காப்பது மூன்றாவது அளவுதான். கேஜ் ஓரிடத்தில் 0.2 மி.மீ. அகன்றுவிட்டால் சக்கரம் அதைப் பொறுத்துக்கொள்ளும். செக் கேஜ் அதே அளவு குறைந்தால் சக்கர விளிம்பு மூக்கின் நுனியில் மோதி, தவறான பக்கத்துக்குப் பாய்ந்துவிடும்.

இடைவெளியை 'கொஞ்சம் தாராளமாக' வைக்கும் பழக்கமும் ஆபத்தானது. கிராசிங்கின் தொண்டையிலிருந்து (மூக்குக்கு முன் தண்டவாளங்கள் மிக நெருங்கும் இடம்) மூக்கு வரை சக்கரம் தாண்ட வேண்டிய வெற்றிடத்தின் நீளம், இடைவெளியைச் சாய்வு எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். நம் கணக்கில் 1.25 × 7, அதாவது 8.75 மி.மீ. அந்தத் தூரத்தைக் கடக்கும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்காமலிருக்க, அதன் அகலம் இடைவெளியின் இரு மடங்கைவிட அதிகமாக இருக்க வேண்டும். சுமார் 2.8 மி.மீ. அகலமுள்ள சக்கரம் 2.5 மி.மீ.யைத் தாண்டிவிடுகிறது. இடைவெளியை 1.5 மி.மீ. ஆக்கினால் 3 மி.மீ. தேவைப்படும், ஒவ்வொரு சக்கரமும் 'டொக்' என்று விழுந்து எழும்.

அச்சிட்ட வரைபடத்தைச் சமமான பலகையில் ஒட்டி, அதன்மேல் செம்புத் தகடு பூசிய ஸ்லீப்பர்களை (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை) இருபக்க ஒட்டுநாடாவால் பொருத்துங்கள். முதலில் செய்ய வேண்டியவை, இரு முனைகளிலும் வரும் இரண்டு வி வடிவ மூக்குகள். இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சாய்வாக அராவி, ஒன்றன் பக்கவாட்டில் மற்றொன்றை இணைத்துப் பற்றவைத்தபின், நுனியை அரத்தால் லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான நுனி பார்வைக்கு அழகாக இருந்தாலும் சக்கரத்துக்கு எதிரி.

இரண்டு மூக்குகளையும் பொருத்தி, நீண்ட எஃகு அளவுகோலை வைத்து நேர்க்கோட்டைச் சரிபார்த்த பிறகே நடுப்பகுதிக்கு வாருங்கள். அங்கே எதிரெதிராக அமையும் இரண்டு கே வடிவக் கிராசிங்குகளே இந்த வேலையின் உயிர்நிலை. சாதாரண கிராசிங்கில் ஒரு சக்கரம் வெற்றிடத்தில் இருக்கும்போது, அதே அச்சின் மறு சக்கரத்தைச் செக் ரயில் பிடித்துக்கொள்கிறது. இங்கோ இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெற்றிடத்துக்கு வருவதால், அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. ஆகவே தண்டவாளம் முறிந்து திரும்பும் இடம் மழுங்காமல் துல்லியமாக அமைய வேண்டும். செக் ரயிலும் அதே முறிவைப் பின்பற்றி வளைய வேண்டும். இந்தத் துண்டுகளை நான் ஒருபோதும் ஒரே மூச்சில் முழுவதுமாகப் பற்றவைப்பதில்லை. ஒரு ஸ்லீப்பரில் மட்டும் பொட்டு வைத்து, ஒரு பெட்டியின் சக்கர வண்டியைக் கையால் நான்கு திசைகளிலும் மெல்லத் தள்ளிப் பார்த்து, விரல் நுனியில் தடங்கல் எதுவும் தெரியாதபோதுதான் மற்றவற்றைப் பற்றவைக்கிறேன். அருகிலுள்ள பழைய பற்று உருகாமலிருக்க, அலுமினியக் கிளிப் ஒன்றை இடையில் மாட்டினால் போதும். அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈயமும் அதில் ஒட்டாது.

வெளிப்புறத் தண்டவாளங்களும், ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு வண்டியை மாற்றும் ஸ்லிப் வளைவுகளும், ஏற்கெனவே நிலைத்துவிட்ட கிராசிங்குகளை ஒட்டிக் கேஜ் வைத்துப் பொருத்தினால் தாமாகவே இடத்தில் அமர்ந்துவிடும்.

நாக்குகள் மொத்தம் எட்டு. ஒவ்வொன்றின் நுனியையும் தாளைப்போல மெலியும்வரை அராவி, அது ஒட்டிப்படியும் தண்டவாளத்தின் அடிப்பாகத்தையும் அந்த இடத்தில் சிறிது அராவினால்தான் இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தும். நாக்குகளைச் சேர்த்து நகர்த்தும் இழுவைக் கட்டையில் அவற்றை இறுகப் பற்றவைத்தால், அசைவின் அழுத்தத்தால் அந்தப் பற்று நாளடைவில் விட்டுப்போகும். சிறிய ஊசியை நாக்கில் பற்றவைத்து, கட்டையின் துளையில் சுழலும்படி விடுவதே நீடித்து உழைக்கும்.

மின் இணைப்பில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இடது முனையின் நாக்குகள் தீர்மானிப்பது, வண்டி வலது முனையில் எந்தப் பாதையில் இருக்கும் என்பதை. ஆகவே வலது மூக்கின் மின்முனையை மாற்றும் சுவிட்ச், இடது முனை நாக்குகளை நகர்த்தும் மோட்டாரோடும், இடது மூக்குக்கானது வலது மோட்டாரோடும் இணைய வேண்டும். அருகருகே உள்ளவற்றை இணைத்துவிட்டு, எங்கே ஷார்ட் என்று ஒரு மாலை முழுவதும் நான் தேடியிருக்கிறேன்.

ஒவ்வொரு ஸ்லீப்பரின் செம்பிலும் எதிரெதிர் மின்முனைகளைச் சேர்ந்த தண்டவாளங்களுக்கிடையே அரத்தால் வெட்டு இட்டு, மல்டிமீட்டரால் சோதியுங்கள். பிறகு பற்றவைக்கும்போது பூசிய ஃபிளக்ஸின் மிச்சத்தை வெந்நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவி, நன்றாக உலரவிட்டு மறுபடியும் ஒருமுறை மல்டிமீட்டரை வையுங்கள். வண்ணம் பூசுவது அதற்குப் பிறகுதான். வண்ணத்துக்கு அடியில் மறைந்த ஈயத் துணுக்கைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.