காட்டு பெர்ரி பறிக்கப் போகிறீர்களா?

கோடை முடியும் சமயத்தில் புதர்களில் பிளாக்பெர்ரி கறுத்துத் தொங்கும். கறுத்ததெல்லாம் பழுத்தது என்று நினைக்க வேண்டாம். பளபளவென்று மின்னும் பழத்துக்கு இன்னும் ஓரிரு நாள் தேவை. மினுமினுப்பு கொஞ்சம் மங்கி, விரல் பட்டதும் காம்பை விட்டு வருகிறதா, அதுதான் இனிக்கும். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள், பறித்த பிறகு அது பழுக்காது.

காலைப் பனி காய்ந்ததும் பறிப்பது நல்லது. ஈரப்பழத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். ஆழமான வாளியில் அடிப்பழம் நசுங்கும், அகலமான டப்பா போதும். முள்ளுக்கு முழுக்கைச் சட்டை கட்டாயம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: உறுதியாக அடையாளம் தெரியாத பழத்தை ருசி பார்க்கக்கூட வாயில் வைக்கக் கூடாது. 'பறவை தின்கிறதே' என்பது கணக்கே இல்லை. பறவையை ஒன்றும் செய்யாத நஞ்சு மனிதரைக் கொல்லலாம். பெல்லடோனா என்ற கொடிய நச்சுச் செடியின் பழம் கறுப்பாக, வழுவழுப்பான ஒற்றை உருண்டையாக, காம்புப் பக்கம் நட்சத்திரம்போல ஐந்தாக விரிந்த பச்சைப் புல்லிகளோடு இருக்கும். பிளாக்பெர்ரியோ சின்னச் சின்ன மணிகள் சேர்ந்த கொத்து. கூட வரும் பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்டர்பெர்ரி என்ற சின்னக் கறுப்புப் பழம் கிடைத்தால் பச்சையாகச் சாப்பிடாமல் வேகவைத்தே சாப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டாம், சாப்பிடும் முன் கழுவினால் சரி. மிச்சத்தைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி ஃப்ரீசரில் உறையவிடுங்கள். அப்புறம் பையில் போட்டால் கட்டியாக ஒட்டாது.